வெறுப்பு ஒரு சான்று ஆகுமா?

(சங்கத்தின் திங்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



தொலைக்காட்சியில் வரும் துப்பறியும் தொடர்களைப் பற்றிப் பேசப் போகின்றோம் என்று செயலாளரிடம் கூறியபோது, அவர் சற்றே தயங்கினார். 'இலக்கியம் பேசும் மேடை ஆயிற்றே' என்றார். பத்தாம் வகுப்புத் தேர்ச்சியோடு ரயில்வேப் பணியில் சேர்ந்த எமக்குப் பேரிலக்கியங்களை ஆய்ந்துரைக்கும் தகுதி இல்லை. ஆயினும் நம் காலனியில் இரவு எட்டு மணிக்குமேல் எவ்வீட்டுக் கதவைத் தட்டினாலும், உள்ளே ஒரு காவல் ஆய்வாளர் யாரையோ விசாரித்துக்கொண்டிருக்கும் குரல் கேட்கின்றது. நாள்தோறும் நம் கூடத்தில் வந்து அமரும் அக்கதைகள் நம் மனத்தில் என்ன செய்கின்றன என்று எண்ணிப் பார்ப்பது தவறாகாது அன்றோ?

அதிலும் ஒரு கூறினை மட்டுமே இன்று எடுத்துக்கொண்டோம். இத்தொடர்களில் சிலர் வருகின்றனர். கண்டவுடனே நமக்கு எரிச்சல் மூள்கின்றது. அவர்கள் கொலை செய்தவர் அல்லர்; பொருளைத் திருடியவர் அல்லர். ஆனால் அவர்தம் பேச்சும் முகமும் நடையும் நமக்குப் பிடிப்பதில்லை. 'இந்த ஆள்தான் செய்திருப்பான்' என்று முதல் பகுதியிலேயே தீர்ப்பு எழுதிவிடுகின்றோம். எம் இல்லத்திலும் அவ்வாறே. எம் துணைவியார் ஒருவரைக் குற்றவாளி என்பார். பிள்ளைகள் வேறொருவரைக் காட்டுவர். யாமோ மூன்றாமவர்மேல் பழி சுமத்துவோம். மூவருக்கும் காரணம் ஒன்றே: 'பார்த்தாலே பிடிக்கவில்லை.'

'சுழல்' என்னும் தொடரைப் பலரும் கண்டிருப்பீர்கள். புஷ்கர், காயத்ரி இருவரும் எழுதி உருவாக்கிய அத்தொடர், 2022-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் எட்டுப் பகுதிகளாக வெளிவந்தது. சாம்பலூர் என்னும் கற்பனை மலையூரில் மயானக் கொள்ளைத் திருவிழா நடக்கின்றது. அதே வேளையில் சிமென்ட் ஆலை தீப்பற்றி எரிகின்றது. நிலா என்னும் பெண் காணாமற் போகின்றாள். அக்கதையில் பார்த்திபன் நடித்த சண்முகம் என்னும் தொழிற்சங்கத் தலைவர் எமக்குத் தொடக்கத்தில் பெரும் தொல்லையாகவே தோன்றினார். எவர் சொல்லையும் கேளாத பிடிவாதம். வீட்டிலும் மேடையில் நிற்பவர் போன்ற முழக்கம். ஸ்ரேயா ரெட்டி நடித்த ஆய்வாளர் ரெஜினாவோ அவரினும் கடுமையானவர். வேலைநிறுத்தம் செய்யும் தொழிலாளரிடம் அவர் நடந்துகொள்ளும் முறையைக் கண்டு, எம் மகன் தொலைக்காட்சியை நோக்கிக் கையை ஓங்கினான்.

கதை வளர வளர நிகழ்ந்தது என்ன? சண்முகம் மகளைத் தேடி அலையும் தந்தை என்பதும், ரெஜினா மகனைத் தேடித் தவிக்கும் தாய் என்பதும் வெளிப்பட்டன. பெருங்கொடுமை செய்தவர் யார் என்பதை இன்னும் காணாத அன்பர்களின் நன்மை கருதி யாம் கூறப்போவதில்லை. ஆனால் ஒன்று கூறலாம். அவர் எவருக்கும் எரிச்சல் ஊட்டியவர் அல்லர். குரல் உயர்த்தியவர் அல்லர். நல்லவர் என எல்லாரும் நம்பியவர். அப்பகுதி முடிந்தபோது எம் வீட்டில் சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை.

அதே ஆண்டு டிசம்பரில் ஆண்ட்ரூ லூயிஸ் உருவாக்கிய 'வதந்தி' வந்தது. கன்னியாகுமரிப் பக்கத்தில் வெலோனி என்னும் இளம்பெண் இறந்து கிடக்கின்றாள், எஸ். ஜே. சூர்யா நடித்த விவேக் என்னும் உதவி ஆய்வாளர் உண்மையைத் தேடுகின்றார். அங்கே இறந்தவளையே ஊரார் குற்றவாளியாக்கி விடுகின்றனர். அவள் சிரித்தது குற்றம். அவள் உடுத்தது குற்றம். அவள் தாயின் கடுகடுத்த பேச்சு மற்றொரு குற்றம். ஆளுக்கொரு கதை, கதைக்கொரு வெலோனி. பிடிக்காத பெண்ணைப் பற்றி எதைச் சொன்னாலும் ஊர் நம்பும் என்பதே அத்தொடரின் உட்பொருள். தலைப்பு சொல்வதும் அதுவே.

இது புதிய உத்தியும் அன்று. 1954-இல் சு. பாலசந்தர் இயக்கிய 'அந்த நாள்' படத்தைப் பெரியோர் நினைவுகூர்வர். பாடல் ஒன்றும் இல்லாத அப்படத்தில் சிவாஜி கணேசன் கொலையுண்ட ராஜனாக நடித்தார். விசாரணைக்கு வருவோர் ஒவ்வொருவரும் தமக்குப் பிடிக்காதவரைச் சுட்டிக் காட்டுகின்றனர். வெறுப்புகள் பல, உண்மையோ அவற்றுக்கு அப்பால் நிற்கின்றது. அமெரிக்க நாட்டில் 1971 முதல் தொடராக வந்த 'கொலம்போ'வில், பீட்டர் ஃபாக் நடித்த துப்பறிவாளரே எரிச்சலூட்டுபவர். கசங்கிய மேலங்கியோடு வருவார்; போய்விட்டார் என்று நாம் மூச்சு விடும்போது வாயிலிலிருந்து திரும்பி வந்து, 'இன்னும் ஒரே ஒரு கேள்வி' என்பார். கொலை செய்தவர்களோ பெரும்பாலும் செல்வமும் நாகரிகமும் மிக்கவர்கள். அந்தத் தொல்லை பிடித்த கேள்வியினாலேயே அவர்கள் அகப்படுவார்கள்.

எரிச்சலூட்டும் பாத்திரங்கள் எல்லாம் நல்ல பாத்திரங்கள் என்று யாம் வாதிடவில்லை. காரணமின்றிக் கத்தும் காவலர், கணவன் துப்பறியச் செல்லும்போதெல்லாம் தொலைபேசியில் அழைத்துத் தடுப்பதற்கென்றே படைக்கப்பட்ட மனைவி, சிரிப்பூட்டுவதற்காக நுழைக்கப்பட்ட குடிகாரர், இவர்கள் எழுதியவரின் சோம்பலால் பிறந்தவர்கள். இருவகையையும் பிரித்தறிய எளிய வழி ஒன்று உண்டு. அப்பாத்திரத்திற்குத் தனக்கென ஒரு கவலை இருக்கின்றதா என்று பாருங்கள். இருந்தால் அது மனிதர். இல்லையேல் அது நம்மைச் சீண்ட வைத்த பொம்மை.

நடிகரையும் பாத்திரத்தையும் ஒன்றாக்கிவிடும் பிழையும் நம்மிடம் உண்டு. 'எதிர்நீச்சல்' குடும்பத் தொடரேயாயினும், அதில் ஆதி குணசேகரனாக வந்த மாரிமுத்து அவர்களைத் திட்டாத தாய்மார் நம் காலனியில் இருந்தனரா? 2023 செப்டம்பர் 8-ஆம் நாள் அவர் மறைந்த செய்தி வந்தபோது, திட்டிய அதே தாய்மார் கண்ணீர் விட்டதை யாம் கண்டோம். அந்த வெறுப்பு அவருடைய திறமைக்கு நாம் நாள்தோறும் அளித்த பரிசு என்பது அன்றுதான் நமக்குப் புரிந்தது.

இனி, யாம் இம்மேடைக்கு வந்ததன் உண்மைக் காரணத்தைக் கூறிவிடுகின்றோம். அது தொலைக்காட்சியில் நிகழ்ந்ததன்று; நம் சங்கத்திலேயே நிகழ்ந்தது.

சென்ற ஆண்டு விழா முடிந்தபின் கணக்கு முடிக்கும்போது 4,200 ரூபாய் குறைந்தது. கணக்கு எழுதும் பொறுப்பு எம்முடையது. நம் காலனியில் அன்பர் ஒருவர் உண்டு. குழாயில் நீர் வரவில்லை என்றாலும் அவர் குரலே முதலில் எழும். ஒலிபெருக்கி சற்று உரக்க ஒலித்தாலும் அவரே வந்து நிற்பார். கூட்டந்தோறும் எழுந்து, 'இதற்குச் சீட்டு உண்டா? அதற்குச் சீட்டு உண்டா?' என்று கேட்பார். அவ்வாண்டு பின்வரிசை வீடுகளில் நன்கொடை வாங்கியவரும் அவரே. பணம் குறைந்தது என்ற செய்தி பரவியதும் ஒருவரும் வெளிப்படையாக அவர் பெயரைச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. தேநீர்க் கடையில் அவர் வந்தால் பேச்சு நின்றது. அவர் வீட்டிற்குக் கணக்குப் பாடம் கேட்கச் சென்ற பிள்ளைகளைப் பெற்றோர் நிறுத்தினர். அவரும் சங்கத்துக்கு வருவதை நிறுத்திக்கொண்டார். 'குற்றம் செய்த நெஞ்சு குறுகுறுக்கின்றது' என்று யாமே ஒருவரிடம் கூறினோம்.

மூன்று வாரம் கழித்து, அலுவலகப் படிவம் ஒன்றைத் தேடி எம் வீட்டு மேசை இழுப்பறையைத் திறந்தோம். பந்தல்காரருக்கு நாற்காலிக்கும் சாமியானாவுக்கும் யாம் கொடுத்த முன்பணச் சீட்டு அங்கே கிடந்தது. தொகை 4,200 ரூபாய். கொடுத்தது எம் கை. கணக்கில் ஏற்ற மறந்ததும் எம் கை.

அன்பர்களே, இழுப்பறையைத் திறக்க எமக்கு ஏன் மூன்று வாரம் ஆயிற்று? அலுவலகத்தில் பத்து ரூபாய் குறைந்தாலும் அன்றைய தாள்களை எல்லாம் மீண்டும் புரட்டிப் பார்க்கும் பழக்கம் உடையவர் யாம். இங்கே புரட்டவில்லை. குற்றவாளி கிடைத்துவிட்டார் என்று எம் மனம் முடிவு செய்துவிட்டது. கிடைத்தபின் எவர் தேடுவார்? இன்னும் ஒன்று. விழாவிற்கு முதல் நாள் அவர் எம்மிடம், 'பந்தலுக்கு முன்பணம் கொடுத்தீர்களே, சீட்டு வாங்கினீர்களா?' என்று இருமுறை கேட்டார். இருமுறையும் எரிச்சலோடு, 'எல்லாம் தெரியும்' என்றோம். எங்களுக்குத் தொல்லையாக இருந்த அந்தக் கேள்வியே மறைந்த பணத்தின் துப்பு.

அன்று மாலையே அவர் வீட்டிற்குச் சென்று, நடந்ததைக் கூறி மன்னிப்புக் கேட்டோம். அவர் நெடுநேரம் பேசாதிருந்தார். பின்னர், 'அது இருக்கட்டும் சார், அந்தச் சீட்டைக் கணக்குப் புத்தகத்தில் ஒட்டிவிட்டீர்களா?' என்றார். அவர் மாறவில்லை, மாற வேண்டியவரும் அவர் அல்லர். அவருடைய இசைவு பெற்றே இதனை இங்கு உரைக்கின்றோம். பழியைத் தேநீர்க் கடையில் பரப்பிவிட்டு, திருத்தத்தை மட்டும் அவர் வீட்டுத் திண்ணையில் சொல்லி முடிப்பது முறையாகாது என்று கருதினோம்.

இப்பாடத்தைத் தமிழர் தொலைக்காட்சி கண்டபின் கற்க வேண்டியதில்லை. சிலப்பதிகாரமே ஒரு குற்ற வழக்கின் கதை அன்றோ? அரசியின் சிலம்பைக் கவர்ந்தவன் யார்? அரண்மனையில் மதிப்புடன் உலவிய பொற்கொல்லன். பழி யார்மேல் விழுந்தது? சிலம்பு விற்றுப் பிழைக்கலாம் என்று மதுரைக்கு வந்த புதியவனாகிய கோவலன்மேல். கொல்லச் சென்ற காவலருள் சிலர் அவன் தோற்றம் கண்டு தயங்கினர். பொற்கொல்லனின் சொல்வன்மை அத்தயக்கத்தை வென்றது. பின்னர், விரித்த கூந்தலும் சினந்த முகமுமாய்க் கண்ணகி வந்தபோது வாயிற்காவலனே அஞ்சினான். அவையினர்க்கு இனிமையாகத் தோன்றும் வரவு அன்று அது. ஆயினும் உண்மை அவள் கையிலேயே இருந்தது. அரசியின் சிலம்பில் முத்து. கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம். உடைத்துப் பார்க்க ஒரு நொடி போதும். அந்த ஒரு நொடி கோவலனுக்குக் கிடைக்கவில்லை.

ஊரைவிட்டு வேற்றூரில் வாழும் நமக்கு இக்கதை மேலும் நெருக்கமானது. கொழிஞ்சாம்பாறையில் தமிழ் பேசும் குடிகள் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றனர். எம்மைப் போலப் பணியின் பொருட்டு வந்தோரும் இருக்கின்றோம். எங்கேனும் ஒரு பொருள் காணாமற் போனால், ஊருக்குப் புதியவனை முதலில் நோக்கும் கண்களை நாமும் கண்டிருக்கின்றோம். அக்கண்களின் சூடு அறிந்த நாமே, பிறரை அக்கண்களால் நோக்கலாமா?

நம் பாலக்காடு மாவட்டத்திலேயே, அட்டப்பாடியில், 2018 பிப்ரவரி 22-ஆம் நாள் மது என்னும் பழங்குடி இளைஞர் கூட்டத்தாரால் அடித்துக் கொல்லப்பட்டார். கடைகளில் அரிசி முதலிய பொருள்களை எடுத்தார் என்பது அவர்மேல் சுமத்திய பழி. மனநலம் குன்றித் தனியே திரிந்தவர் அவர். 2023 ஏப்ரலில் மன்னார்க்காடு சிறப்பு நீதிமன்றம் 14 பேரைக் குற்றவாளிகள் எனக் கண்டு, அவருள் 13 பேருக்கு 7 ஆண்டுக் கடுங்காவல் விதித்தது. எம் பிழையையும் அப்பெருங்கொடுமையையும் ஒரே தராசில் வைக்கவில்லை. ஆனால் இரண்டும் புறப்படும் நிலையம் ஒன்றே: 'இவனைப் பார்த்தாலே தெரிகின்றதே' என்னும் சொல். வண்டி எத்துணைத் தொலைவு செல்லும் என்பதை ஏறும்போது நாம் அறிவதில்லை.

வள்ளுவர் 'தெரிந்து தெளிதல்' என்று ஓர் அதிகாரமே வகுத்தார். முதலில் ஆராய்க, பின்னர்த் தெளிக என்பது அத்தலைப்பிலேயே அடங்கியிருக்கின்றது. நாமோ தெளிந்துவிட்டுப் பின்னர்த் தெரிந்துகொள்ளப் புகுகின்றோம்.

ஆகவே தாய்மார்களே, இளைஞர்களே, துப்பறியும் தொடர்களைத் தவறாமல் காணுங்கள். எரிச்சலூட்டும் பாத்திரம் வரும்போது, 'இவர்மேல் சான்று உண்டா, அல்லது எம் வெறுப்பு மட்டும்தான் உண்டா?' என்று பிள்ளைகளைக் கேளுங்கள். திரையில் அப்பழக்கம் படிந்தால் தெருவிலும் உதவும். இன்று அந்த அன்பர் நம் சங்கத்தின் கணக்குத் தணிக்கையாளர். இவ்வாண்டு விழாக் கணக்கை அவரே சரிபார்ப்பார். ஆதலின் செலவு செய்யும் அன்பர்கள் எல்லாரும் தவறாமல் சீட்டு வாங்கி வருமாறு வேண்டிக்கொண்டு, எம் உரையை முடிக்கின்றோம்.