கால் நழுவுகிறதா? வாய் திறந்து சொல்லுங்கள்

(கசார்வாடியில் தமிழ்ப் பெண்கள் கூட்டத்தில் பேசியது)



நம் கசார்வாடியில் மெட்ரோ நிலையம் 2022 மார்ச் 6ஆம் தேதி திறக்கப்பட்டது. என் மாமியார் அந்தப் பக்கமே போகவில்லை. கேட்டால், "கூட்டமாக இருக்கும்" என்பார். உண்மைக் காரணம் வேறு. அவருக்குப் படி இறங்கப் பயம்.

அவருக்கு முழங்கால் மூட்டு மாற்று அறுவை நடந்திருந்தது. வலி போய்விட்டது. ஆனால் படி இறங்கும்போது கால் நழுவுவது போல இருக்கும். எட்டு மாதம் அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஏன் தெரியுமா? "கடன் வாங்கிச் செலவு செய்தீர்கள். குறை சொன்னால் உங்கள் மனம் நோகுமே" என்றார்.

கால் ஏன் நழுவுகிறது?

மாற்று மூட்டில் தொடை எலும்பின் முனைக்கு உலோக உறை போடுகிறார்கள். கீழே கால் எலும்பின் மேல் ஒரு தட்டு. நடுவில் பிளாஸ்டிக். இரண்டு பக்கமும் இழுத்துப் பிடிப்பது நம் சொந்த ஜவ்வுதான்.

கயிற்றுக் கட்டிலை நினைத்துப் பாருங்கள். கயிறு தளர்ந்தால் கட்டில் தொய்யும். அதிகம் இறுக்கினால் சட்டம் வளையும். முட்டியும் அப்படித்தான். ஜவ்வு தளர்ந்தால் மூட்டு ஆடும். அதிகம் இறுகினால் கால் மடங்காது. காலை நீட்டும்போதும் மடக்கும்போதும் பிடிப்பு சரியாக இருக்க வேண்டும்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். மூட்டுத் தளர்வு வேறு, தள்ளாட்டம் வேறு. சிலருக்கு மூட்டு கொஞ்சம் ஆடும். அவர்கள் நன்றாக நடப்பார்கள். சிலருக்கு மூட்டு உறுதியாக இருக்கும். ஆனாலும் கால் நழுவுவது போல இருக்கும். தொடைத் தசை பலம் குறைந்தாலும் அப்படி இருக்கும். அது மனப்பிரமை அல்ல. ஆகவே, "எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது, சும்மா இருங்கள்" என்று யாரும் வாயை அடைக்கக் கூடாது.

என் மாமியாரை டாக்டர் சோதித்தார். மூட்டு சரியாக இருந்தது. பயந்து உட்கார்ந்தே இருந்ததால் தொடைத் தசை மெலிந்திருந்தது. பிசியோதெரபி செய்பவர் பயிற்சி சொல்லிக் கொடுத்தார். காலை நீட்டி, முட்டியைப் படுக்கையில் அழுத்தி, ஐந்து எண்ணும் வரை வைத்திருக்க வேண்டும். பிறகு தளர்த்த வேண்டும். தினமும் செய்தார்.

எல்லாருக்கும் பயிற்சி மட்டும் போதாது. மூட்டே தளர்ந்திருந்தால் சிலருக்கு மறுபடி அறுவை தேவைப்படும். எது என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

டாக்டரிடம் என்ன சொல்வது?

எப்போது நழுவுகிறது? படியிலா, எழும்போதா, திரும்பும்போதா? எந்தப் பக்கம் சாய்கிறது? விழுந்தீர்களா? வீக்கம் உண்டா? இவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். நாம்தான் எழுதக் கற்றிருக்கிறோமே!

மூட்டில் லேசாக 'டக்' என்று சத்தம் வந்தால் பயப்பட வேண்டாம். உலோகமும் பிளாஸ்டிக்கும் தொடுகிற சத்தம் அது. ஆனால் காய்ச்சல், சிவந்த வீக்கம், திடீர் வலி இருந்தால் அன்றே டாக்டரிடம் போங்கள்.

வீட்டில் ஈரத் தரையைத் துடையுங்கள். குளியலறையில் கைப்பிடி வையுங்கள். படி இறங்கும்போது கம்பியைப் பிடியுங்கள்.

போன மாதம் என் மாமியார் மெட்ரோவில் சிவாஜி நகர் போய் வந்தார். கம்பியைப் பிடித்தபடி தானே படி இறங்கினார். அந்த எட்டு மாதத்தை யார் திருப்பித் தருவார்கள்?

உங்கள் வீட்டுப் பெரியவர்களை இன்றே கேளுங்கள்: "அம்மா, கால் நழுவுகிறதா?"