காரில் ஒட்டின ஃபிலிம்: வெச்சுக்கலாமா, உரிச்சிடலாமா?

இன்னிக்கு பிபிஎஃப் பத்திப் பேசப் போறோம். போஸ்ட் ஆபீஸ்ல போடுற பிபிஎஃப் இல்லைங்க. கார் பெயிண்ட் மேல ஒட்டுற ‘பெயிண்ட் புரொடெக்‌ஷன் ஃபிலிம்’. ரெண்டுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கு. அந்த பிபிஎஃப்-ஐ 15 வருஷம் தொடாம வெச்சா வளரும். இதை அப்படியே விட்டா, எந்த பெயிண்டைக் காப்பாத்த ஒட்டினோமோ அதுக்கே பிரச்சினையாகிடும்.

நம்ம வீடுகள்ல டிவி ரிமோட்டுக்குப் போட்ட பிளாஸ்டிக் கவரைக் கழற்றவே மாட்டோம். புது கார் வாங்கி ரெண்டு வருஷம் ஆனாலும் சீட் கவரோட பாலித்தீன் சரசரன்னு சத்தம் போட்டுக்கிட்டே இருக்கும். அதே மனசுதான் இங்கேயும் வேலை செய்யுது. அதுவும் ஒரு லட்சம் கொடுத்து ஒட்டினதுன்னா உரிக்க எப்படி மனசு வரும்?

முதல்ல இது என்ன செய்யுதுன்னு பார்ப்போம். ஃபேக்டரில அடிக்கிற பெயிண்ட், எல்லா அடுக்கும் சேர்ந்து சுமார் 100 முதல் 150 மைக்ரான்தான். அதுல மேலே இருக்கிற கிளியர் கோட் 40, 50 மைக்ரான். நம்ம தலைமுடியை விட மெல்லிசு. பிபிஎஃப் 150 முதல் 200 மைக்ரான் வரைக்கும் இருக்கும். அதாவது, பெயிண்டை விட அதோட சட்டை தடிமன். ஜிஎஸ்டி ரோட்டுல முன்னாடி போற லாரி தெறிக்க விடுற ஜல்லியை அது வாங்கிக்கும். செராமிக் கோட்டிங் அப்படி இல்லை. அது ரொம்ப மெல்லிய பூச்சு, கழுவுறதுக்கு வசதி, பளபளப்பு இருக்கும். ஆனா கல்லைத் தடுக்காது.

நல்ல ஃபிலிம் டிபியூ, அதாவது ஒரு வகை பாலியூரித்தேன். மலிவா கிடைக்கிறது பெரும்பாலும் பிவிசி. சென்னை மாதிரி ஊர் வெயில்ல பிவிசி சீக்கிரம் மஞ்சளாகி விறைச்சுப் போகும். டிபியூவும் சாகாவரம் வாங்கிட்டு வரலை. தரத்தையும் வெயிலையும் பொறுத்து 5 முதல் 10 வருஷம். அதுக்கப்புறம் ஃபிலிம் நொறுங்க ஆரம்பிக்கும், பசை பெயிண்டோட இறுகிடும். ஒரே இழுப்புல வரவேண்டியது, நகம் நகமா கிழிஞ்சு வரும்.

என் அக்கா போன வருஷம் ஒரு செகண்ட் ஹேண்ட் வெள்ளைக் கார் வாங்கினாங்க. வித்தவர், “ஃபுல் பாடி ஃபிலிம் சார், ஏழு வருஷம் ஆச்சு, எடுத்துடாதீங்க”ன்னு பெருமையா சொன்னார். அக்கா என்கிட்ட, “எடுக்கட்டுமா, விடட்டுமாடா?”ன்னு கேட்டாங்க. ரெண்டு பேரும் நிழல்ல நிறுத்தி ஒவ்வொரு பேனலா பார்த்தோம்.

பெட்ரோல் மூடியைத் திறந்தா உள்ளே ஃபிலிம் ஒட்டாத பெயிண்ட் இருக்கும். அதோட நிறத்தை பானெட்டோட ஒப்பிட்டோம். பானெட் பழைய பேப்பர் மாதிரி மஞ்சள். ஓரத்துல அழுக்குக் கோடு, நடுவுல மெல்லிய வெடிப்பு. அது போயே ஆகணும். கதவுகள் தெளிவா இருந்துச்சு. நேரா நிக்கிறதால பானெட், கூரை அளவுக்கு வெயில் படாது. ஆனா இடது பின் கதவுக்கு ஒரு இன்ஷூரன்ஸ் கிளைம் இருந்துச்சு, மறுபடி பெயிண்ட் அடிச்சிருக்காங்க.

இங்கேதான் கவனமா இருக்கணும். ஃபேக்டரில பெயிண்டைச் சுமார் 140 டிகிரியில சுடுவாங்க. ஒர்க்‌ஷாப்ல அடிக்கிற பெயிண்டை 60, 70 டிகிரியிலதான் காய வைப்பாங்க, சில இடத்துல அதுவும் கிடையாது. வேலை சரியில்லைன்னா ஃபிலிமோட பெயிண்டும் கையோட வந்துடும். அதனால அந்தக் கதவைத் தொடலை. பானெட், கூரை, முன் பம்பர் மட்டும் உரிச்சோம். காருக்கு மொத்தமா ஒரே முடிவு எடுக்கவேண்டியதில்லை.

உரிக்கும்போது என்ன பார்க்கணும்? ஃபிலிமை இதமா சூடாக்கி, மேல்நோக்கி இழுக்காம பெயிண்டோட ஒட்டினாப்ல தாழ்வா, மெதுவா இழுக்கணும். மிச்சப் பசைக்கு அதுக்குன்னு இருக்கிற ரிமூவர்தான். பிளேடு, தின்னர் பக்கமே போகாதீங்க. பழைய ஃபிலிம்னா கைதேர்ந்தவங்ககிட்ட விடுங்க. எந்தப் பேனல் மறுபெயிண்ட்னு முன்கூட்டியே சொல்லிடுங்க.

இன்னொண்ணு. புது கார் வரும்போது பானெட், கூரை மேல வெள்ளை ஷீட் ஒட்டியிருக்கலாம். அது பிபிஎஃப் இல்லை, வழியில அழுக்குப் படாம இருக்க ஒட்டினது. டெலிவரி அன்னிக்கே எடுக்கச் சொல்லுங்க.

“ஒரு லட்சம் போட்டேனே”ன்னு தோணும். அந்தக் காசு வீணாகலை. இத்தனை வருஷம் பெயிண்ட் வாங்கவேண்டிய அடியை ஃபிலிம் வாங்கியிருக்கு. தெளிவா, ஓரம் தூக்காம, லேசான கீறல் வெயில்ல தானா மறையுற வரைக்கும் வெச்சுக்கோங்க. மஞ்சளோ வெடிப்போ தெரிஞ்சா, இன்னும் ஒரு கோடையைத் தாண்ட விடாதீங்க.

இந்த ஞாயிறு காரைக் கழுவும்போது செல்போன் டார்ச்சை வெச்சு ஓரங்களை ஒரு தடவை பாருங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.