கொட்டிலுக்கு எந்தச் சூடு?

2022 டிசம்பரில், மாண்டஸ் புயல் நேரம், கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் மாடுகள் கூட்டங்கூட்டமாய்ச் செத்தது நினைவிருக்கும். நனைந்த உடம்பில் விடாமல் வாடைக்காற்று அடித்தால் மாடு தாங்காது.

பெரிய கொட்டில் முழுவதையும் சூடாக்கப் பார்ப்பது வீண்செலவு. காற்றடிக்கும் பக்கத்தைத் தறப்பாளால் மறையுங்கள். கூரையடியில் மட்டும் இடைவெளி விடுங்கள், மூத்திர நெடி வெளியேறட்டும். தரையில் காய்ந்த வைக்கோல் போடுங்கள்.

கோழிக்குஞ்சு வேறு கதை. அதற்கு முதல் வாரம் 33 பாகையளவு சூடு வேண்டும். பழைய குண்டுபல்புதான் சரி, எல்.இ.டி. வெளிச்சம் தரும், குஞ்சைக் காய வைக்காது. வெப்பமானி இல்லையா? குஞ்சுகளையே பாருங்கள். பல்புக்கடியில் நெருக்கியடித்தால் குளிர். ஓரத்துக்கு ஓடிச் சொண்டைத் திறந்து இளைத்தால் சூடு கூட, பல்பை உயர்த்துங்கள். கரிச்சட்டி வைத்தால் கதவை இறுக்கிப் பூட்டவேண்டாம், அதிலிருந்து வரும் நச்சு வாயு கண்ணுக்குத் தெரியாமலே கொல்லும்.