உபயம்: மைசூர்



வானொலிக்கு ஆகாசவாணி என்ற பெயரைச் சூட்டிய நகரம் மைசூர். மகாராஜா கல்லூரியில் உளநூல் பேராசிரியராக விளங்கிய எம். வி. கோபாலசுவாமி, 1935ஆம் ஆண்டில் தம் இல்லத்திலேயே ஓர் ஒலிபரப்பு நிலையத்தை அமைத்தார். அந்நிலையத்திற்கு வழங்கிய பெயரே பின்னர் தேசம் முழுவதற்கும் உரியதாயிற்று. வானத்தில் ஒலித்த இந்தப் பெயரைப் பலரும் அறிவர். வானத்தில் பறந்த மைசூரின் பெயர் ஒன்றும் உண்டு. அதனை அறிந்தவர் சிலரே. அதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

நான் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளன். தமிழ்நாட்டை விட்டு மைசூருக்குக் குடிவந்து பதினெட்டு ஆண்டுகள் ஆகின்றன. சென்ற ஆண்டில், ஒரு கண்காட்சிக்கென எழுதப்பட்ட ஆங்கிலக் குறிப்பு தமிழாக்கத்திற்காக என் மேஜைக்கு வந்தது. இரண்டாவது உலக யுத்தத்தின்போது பிரிட்டிஷ் அரச விமானப்படையில் 129ஆம் எண் கொண்ட படையணி ஒன்று இருந்தது; மைசூர் அளித்த பொருளின் காரணமாக அதற்கு மைசூர் படையணி என்று பெயரிட்டனர் என்று அதில் கண்டிருந்தது. அவ்வாறு பொருள் அளித்ததைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லுக்கு ஈடான தமிழ்ச் சொல் எது என்பதில் என் பேனா நின்றுவிட்டது. கொடை என்பதா? நன்கொடை என்பதா? அன்றி, சிற்றரசர் பேரரசர்க்குச் செலுத்தும் திறை என்பதா? சொல்லைத் தீர்மானிக்க வேண்டுமாயின், நடந்தது யாது என்பதை முதலில் அறிய வேண்டுமல்லவா?

1940ஆம் ஆண்டின் கோடையில் பிரிட்டன் பெரும் ஆபத்தில் இருந்தது. விமான உற்பத்தி அமைச்சராக இருந்த பீவர்புரூக் பிரபு, பொதுமக்களிடம் விமான நிதி திரட்டும் இயக்கத்தை ஊக்குவித்தார். ஒரு ஸ்பிட்பயர் போர் விமானத்திற்கு 5,000 பவுன் என்று விலை குறிக்கப்பட்டது. உண்மை விலை இதனினும் அதிகம்; கொடுப்பவர் மனத்தில் பதிவதற்கென இடப்பட்ட தொகை இது. அந்நாளில் ஒரு ரூபாய்க்கு 1 ஷில்லிங் 6 பென்ஸ் மாற்று மதிப்பு. ஆகவே ஒரு விமானத்திற்கு நம் பணத்தில் ஏறத்தாழ 66,667 ரூபாய் ஆயிற்று. தொகை செலுத்தியவர் விரும்பும் பெயர் விமானத்தின் பக்கத்தில் எழுதப்பட்டது. பெருந்தொகை அளித்த நாடுகளின் பெயர் ஒரு முழுப் படையணிக்கே சூட்டப்பட்டது. சென்னை ராஜதானியின் பெயரைத் தாங்கியவை 79, 234, 264 என்ற எண்களையுடைய மூன்று படையணிகள். மைசூரின் பெயரைத் தாங்கியது, 1941 ஜூன் மாதம் இங்கிலாந்தின் லெக்கன்பீல்டு தளத்தில் அமைக்கப்பட்ட 129ஆம் படையணி.

அதன் சின்னம் என்ன தெரியுமா? கண்டபேருண்டம். நம் பாட்டிமார் கதைகளில் யானையைத் தூக்கிச் செல்லும் அண்டபேரண்டப் பட்சி உண்டே, அதன் உடன்பிறப்பான இருதலைப் பறவை. மைசூர் அரசர்களின் இலச்சினையாக இருந்து, இன்று கர்நாடக அரசின் முத்திரையில் இடம்பெற்றிருக்கும் அப்பறவை, ஆங்கிலக் கால்வாயின் மேல் போரிட்ட படையின் சின்னமாயிற்று. 1942இல் பிரான்சின் தியெப் துறைமுகத்தின்மேல் நடந்த தாக்குதலில் அப்படையணி ஈடுபட்டது. 1944இல் மஸ்டாங் விமானங்களைப் பெற்று, லண்டனை நோக்கி ஜெர்மனி ஏவிய விமானி இல்லாப் பறக்கும் குண்டுகளை வழியிலேயே வீழ்த்தும் பணியை மேற்கொண்டது. 1946 செப்டம்பரில் அதற்கு வேறு எண் இடப்பட்டு, மைசூர் என்ற பெயரும் மறைந்தது.

இப்பணம் யாருடைய பணம்? மன்னர் கையொப்பமிட்டார், கருவூலம் கொடுத்தது என்று கூறி முடித்துவிடலாம். ஆனால் கருவூலம் என்பது குடிகளின் உழைப்பு. மைசூர் அரசின் வருவாயில் கோலார் தங்கவயலிலிருந்து கிடைத்த உரிமைத்தொகையும் ஒரு பங்கு. அந்தத் தங்கவயலின் ஆழ்ந்த சுரங்கங்களில் இறங்கிய தொழிலாளர்களில் மிகப் பலர், வடஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து பிழைக்கச் சென்ற தமிழர். அந்த வருவாயின் வழியே, தாம் கண்ணால் காணாத ஸ்பிட்பயர் விமானத்திற்கு அவர்களும் ஒரு துளி வியர்வையைத் தந்திருக்கக் கூடும். இன்னொன்றையும் மறைக்கலாகாது. இந்திய நிதி பிரிட்டனின் யுத்தத்திற்குச் சென்றுகொண்டிருந்த அதே காலத்தில்தான், 1943இல், வங்கத்தில் லட்சக்கணக்கானோர் பசியால் மாண்டனர்.

ஆகவே கொடை என்ற சொல் எனக்குப் பொருந்தவில்லை. கொடை என்றால் கொடுப்பவர் தாமாக மனமுவந்து அளிப்பது. திறை என்பதும் முற்றும் சரியன்று. வாளைக் காட்டி ஒருவரும் இதனைக் கேட்கவில்லை. ஒரு வாரம் யோசித்தேன். வெள்ளிக்கிழமை மாலை கோயிலுக்குச் சென்றபோது, மண்டபத்தில் குழல்விளக்கு ஒன்றைக் கண்டேன். விளக்கின் வெளிச்சத்தைக் காட்டிலும் அதன்மேல் எழுதியிருந்த உபயதாரரின் பெயரே பெரிதாகத் தெரிந்தது. அப்போது சொல் கிடைத்துவிட்டது. உபயம்! ஊரார் பணமாயினும் ஒருவர் பெயரில் எழுதப்படுவது. பக்தியும் பெருமையும் கடமையும் பிரிக்க முடியாமல் கலந்திருப்பது. மறுநாள் என் தமிழாக்கத்தில், உபயமாக அளித்த படையணி என்றே எழுதினேன்.

இந்தச் சொல்லை எங்கள் தெருவில் வாழும் பெரியவர் ஒருவரிடம் கூறினேன். அவருக்கு எண்பது வயது. பூர்விகம் வாணியம்பாடிப் பக்கம். அவருடைய தகப்பனார் யுத்த காலத்தில் பெங்களூர் விமானத் தொழிற்சாலையில் பிட்டராகச் சேர்ந்தவர். பெரியவர் சிரித்துக்கொண்டே உள்ளே சென்று, பித்தளை வில்லை ஒன்றைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். அதில் பெயர் இல்லை. ஓர் எண் மட்டும் பொறித்திருந்தது. "உபயம் செய்தவர் பெயரை விமானத்தில் எழுதினார்கள். எங்கள் அப்பா பெயரை எதில் எழுதினார்கள், தம்பி?" என்று கேட்டார்.

நேயர்களே, அக்கேள்வியின் கனத்தை உணர, பெங்களூரின் கதையைச் சற்றே கேட்க வேண்டும். தொழிலதிபர் வால்சந்த் ஹீராசந்த், மைசூர் அரசின் துணையுடன் ஹிந்துஸ்தான் விமானக் கம்பெனியை 1940 டிசம்பர் 23ஆம் நாள் நிறுவினார். திவான் மிர்சா இஸ்மாயிலின் ஆதரவால் நிலமும் மூலதனமும் கிடைத்தன. யுத்தம் நம் எல்லையை நெருங்கியபோது அத்தொழிற்சாலை நேச நாடுகளின் விமானங்களைப் பழுது பார்க்கும் பெரும் பட்டறையாக மாறிற்று. அதுவரை பூட்டும் வண்டிச்சக்கரமும் செய்துவந்த கைகள், அங்கே எஞ்சினைப் பிரித்துப் பூட்டக் கற்றுக்கொண்டன.

யுத்தம் முடிந்தது. அமெரிக்காவில் கட்டப்பட்டு, கடன்-குத்தகை ஏற்பாட்டின்படி பிரிட்டிஷ் படை பயன்படுத்திய லிபரேட்டர் என்னும் நான்கு எஞ்சின் குண்டுவீச்சு விமானங்கள் பல, கான்பூரில் கைவிடப்பட்டன. மீண்டும் பறக்கலாகாது என்பதற்காக அவற்றை வேண்டுமென்றே சேதப்படுத்தினர், கருவிகளை உடைத்தனர், எஞ்சினில் மண்ணை இட்டனர். சுதந்திரம் பெற்ற இந்தியாவுக்குக் கனரகக் குண்டுவீச்சு விமானம் தேவைப்பட்டது; வாங்கப் பணம் இல்லை. 1948இல் பெங்களூர்த் தொழிற்சாலையின் தொழிலாளர் கான்பூர் சென்று, அக்குப்பை மேட்டில் தேடி, ஒன்றின் உறுப்பை மற்றொன்றில் பொருத்தி, பறக்கும் அளவுக்குச் செப்பனிட்டனர். ஜம்ஷெட் முன்ஷி என்ற விமானி அவற்றை ஒவ்வொன்றாகப் பெங்களூருக்கு ஓட்டி வந்தார். பெங்களூரில் முழுச் செப்பம் நடந்தது. இவ்வாறு சுமார் நாற்பது விமானங்கள் உயிர்பெற்றன. அவை 1968 இறுதிவரை இந்திய விமானப்படையில் பணி புரிந்தன. உலகில் லிபரேட்டரைக் கடைசிவரை படையில் வைத்திருந்த நாடு இந்தியா.

இக்கதையின் சுவையான திருப்பம் இனிமேல்தான். யுத்தம் முடிந்த வேகத்தில் தம் லிபரேட்டர்களை அழித்துவிட்ட பிரிட்டனுக்கு, பின்னாளில் காட்சிக்கு வைக்க ஒன்று வேண்டியிருந்தது. 1974இல் இந்திய விமானப்படை தன்னிடமிருந்த ஒன்றை அளித்தது; அது பறந்தே இங்கிலாந்து போய்ச் சேர்ந்தது. இன்று லண்டன் நகரின் வடபகுதியில், ஹெண்டனில் உள்ள அரச விமானப்படைக் காட்சிக்கூடத்தில் அது நிற்கிறது. பிரிட்டன் உடைத்ததைப் பெங்களூர் ஒட்டியது. பெங்களூர் ஒட்டியதைப் பிரிட்டன் பாதுகாக்கிறது. இங்கே உபயதாரர் யார், நேயர்களே?

சென்ற மார்கழியில் அப்பெரியவரை அழைத்துக்கொண்டு ரயிலில் பெங்களூர் சென்றேன். பழைய விமானநிலையச் சாலையில், ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனம் 2001ஆம் ஆண்டு திறந்த மரபுக் காட்சிக்கூடம் இருக்கிறது. பிரிட்டிஷ் வடிவமைப்பில் பிறந்த கான்பரா விமானத்தை அங்கே காணலாம். வி. எம். காட்கே அவர்களின் வடிவமைப்பில் உருவாகி, 1951இல் முதன்முதல் பறந்த ஹெச்.டி.-2 என்னும் நம் நாட்டுப் பயிற்சி விமானத்தையும் காணலாம். பெரியவர் ஒவ்வொரு விமானத்தின் அருகிலும் சென்று, ரிவெட்டுகள் வரிசை தவறாமல் அமைந்திருக்கின்றனவா என்று மட்டுமே பார்த்தார். "இறக்கையைப் பார்ப்பது விமானியின் பிள்ளை. ரிவெட்டைப் பார்ப்பது பிட்டரின் பிள்ளை" என்றார். அவர் தேடிய லிபரேட்டரைக் காண டில்லிக்குச் செல்ல வேண்டும். பாலம் விமானப்படைக் காட்சிக்கூடத்தில் அது ஒன்று இருக்கிறது. 1933இல் இந்திய விமானப்படை தன் முதற் பறப்பை மேற்கொண்ட வாபிடி வகையும், லைசாண்டர், ஹரிக்கேன், ஸ்பிட்பயர், டெம்பெஸ்ட் முதலியவையும் அங்கே உள்ளன. டில்லியில் வாழும் தமிழன்பர்கள், ஊரிலிருந்து வரும் உறவினரைக் குதுப்மினாருக்கு அழைத்துச் செல்லும் நாளில் பாலத்திற்கும் ஒரு நடை அழைத்துச் செல்வார்களாக.

பம்பாயிலோ கல்கத்தாவிலோ வாழும் நேயர்கள் விடுமுறையில் ஊர் செல்லும்போதும் இச்சரித்திரத்தைத் தொடலாம். சூலூரில் யுத்த காலத்தில் தோன்றிய விமானதளம் இன்றும் நம் விமானப்படையின் தளமாக இருக்கிறது. சோழவரத்து ஓடுபாதை பின்னாளில் மோட்டார் பந்தயத்திற்குப் பேர்பெற்றது. உளுந்தூர்பேட்டையில் யுத்தகால ஓடுபாதை ஒன்று இன்னும் கிடக்கிறது. பேருந்தில் அவ்வழியே செல்பவர்களில் எத்தனை பேர் அதை அறிவர்?

அன்னிய ஆட்சியின் யுத்தத் தளவாடங்களை நாம் ஏன் போற்ற வேண்டும் என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்வி. வேலூர்க் கோட்டையைக் காணச் செல்கிறோம்; அதனால் 1806இல் அங்கே சிப்பாய்களைச் சுட்டவர்களைப் போற்றுகிறோம் என்று ஆகுமா? மாண்டவர்களை மறவாதிருக்கவே செல்கிறோம். அவ்வாறே விமானத்தையும் காண்போம். அதை ஏவியவரை வணங்க வேண்டியதில்லை. அதற்குப் பணம் தந்த குடியையும், அதை ஒட்டவைத்த கையையும் அறிந்துகொண்டால் போதும். இரும்பைத் துருப்பிடியாமல் காப்பது காட்சிக்கூடத்தின் வேலை. பெயர்கள் துருப்பிடியாமல் காப்பது நம் வேலை.

எந்த நாட்டுக் காட்சிக்கூடமாயினும், வடிவமைத்தவர் பெயரும் ஓட்டியவர் பெயரும் பலகையில் இருக்கும். ரிவெட் அடித்தவர் பெயர் இருப்பது அரிது. பெங்களூரிலும் கான்பூரிலும் நாசிக்கிலும் விமானத் தொழிலில் உழைத்த தமிழர் குடும்பங்கள் பல. உங்கள் வீட்டுப் பரணில் ஒரு வில்லையோ, பணிச் சான்றோ, குழுப் புகைப்படமோ இருக்கலாம். புகைப்படத்தின் பின்புறத்தில், நிற்பவர் யார், ஆண்டு எது, ஊர் எது என்று பென்சிலால் எழுதி வையுங்கள். முதியவர் சொல்வதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதியிட்டுக் குறியுங்கள். பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போடுமுன் ஒருமுறை யோசியுங்கள். கான்பூர்க் குப்பை மேட்டில் கிடந்ததும் பழைய இரும்பாகத்தான் தோன்றியது.

பெங்களூரிலிருந்து திரும்பிய இரவு, பெரியவர் என்னிடம் ஒரு நோட்டைக் கொடுத்து எழுதச் சொன்னார். தகப்பனாரின் பெயர், பிறந்த ஊர், வேலையிற் சேர்ந்த ஆண்டு, வில்லையின் எண், அவர் கைபட்ட விமானங்கள் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தார். முதற் பக்கத்தின் தலைப்பில் என்ன எழுதட்டும் என்று கேட்டேன்.

"உங்கள் சொல்லையே எழுதுங்கள், தம்பி" என்றார்.

உபயம் என்று எழுதி, அதன்கீழ் அவர் தகப்பனாரின் பெயரை எழுதினேன்.