செதில் தோல் யார் குற்றமும் இல்லை



சிலருக்குச் சின்ன வயசிலிருந்தே தோல் வறண்டு மீன் செதில் மாதிரி இருக்கும். டாக்டர்கள் இதை இக்தியோசிஸ் என்கிறார்கள். நம்ம ஊரில் நாகதோஷம் என்று சொல்லிவிடுகிறோம். இது பரம்பரையாக வருவது. தொட்டால் ஒட்டாது.

இதில் லேசான வகை சுமார் 250 பேரில் ஒருவருக்கு இருக்கிறது என்கிறார்கள். நம்ம கூட்டமைப்பில் 25 குழு, குழுவுக்கு 12 பேர் என்றால் 300 பேர். அப்படியானால் இந்தப் பந்தலிலேயே ஒருத்தருக்கு இருக்கலாம். பனிக்காலத்தில் முழங்காலுக்குக் கீழே செதில் அதிகமாகும். பனி வெடிப்பு என்று விட்டுவிடுவோம். இன்னொரு வகை அநேகமாக ஆண்பிள்ளைகளுக்குத்தான், சில ஆயிரத்தில் ஒருவருக்கு வரும்.

கடுமையான வகை லட்சத்தில் ஒருவருக்கோ அதற்கும் குறைவாகவோதான். ஆனால் எல்லா ஊரிலும் ஒரே கணக்கு இல்லை. ஸ்வீடன் நாட்டின் வடக்கே வெஸ்டர்போட்டன் என்ற பகுதியில், செதில் தோலோடு கால் விறைப்பும் சேர்ந்த ஒரு வகை மற்ற இடங்களைவிட அதிகம். சோக்ரன், லார்சன் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 1957-ல் அதை எழுதினார்கள். பழைய முன்னோர் ஒருவரின் ஜீன் கோளாறு அந்த வட்டாரத்துக் குடும்பங்களில் வழிவழியாக வந்திருக்கிறது. அப்பா, அம்மா இரண்டு பேரிடமிருந்தும் அது வந்து சேர்ந்தால்தான் பிள்ளைக்கு நோய். பெற்றவர்கள் தோல் நல்லாவே இருக்கும்.

நம்ம பக்கம் தாய்மாமன், அத்தை மகன் என்று சொந்தத்தில் கட்டுகிறோம். ஒரே தாத்தா பாட்டியின் கோளாறு இரண்டு வழியிலும் வர அங்கே வாய்ப்பு கூடுது. என் தங்கச்சி தாய்மாமனைக் கட்டியவள். அவள் மகனுக்குக் கடுமையான வகை. கிரகணத்தில் வெளியே போனாய், அதனால்தான் என்று வீட்டில் இன்னும் அவளைத்தான் பேசுகிறார்கள். பாதி அப்பா வழி வந்தது என்று யாரும் சொல்வதில்லை. அடுத்த பிள்ளைக்கும் வர 4-ல் 1 பங்கு வாய்ப்பு உண்டு என்று டாக்டர் கணக்குப் போட்டுக் காட்டினார்.

அவனுக்கு வியர்வை சரியாக வெளியேறாது. வெயிலில் விளையாடினால் உடம்பு கொதித்து மயக்கம் வரும். ஈரத்துணி, நிழல், தண்ணீர் வேணும். குளித்த ஈரம் காயுமுன் டாக்டர் கொடுத்த களிம்போ வாசலினோ தடவணும். முழுசா குணமாகாது, ஆனால் நல்லா பார்த்துக்கொண்டால் பள்ளிக்கூடம் போகலாம், வேலைக்குப் போகலாம்.

நம்ம குழுக்களிடம் மூன்று விஷயம் கேட்கிறேன். பந்தியிலும் பள்ளியிலும் இந்தப் பிள்ளைகளைத் தள்ளி உட்கார வைத்தால் நாம் எழுந்து கேட்கணும். குடும்பத்தில் இப்படி ஒருவர் இருந்து சொந்தத்தில் சம்பந்தம் பேசினால், முதலில் பெரிய ஆஸ்பத்திரி தோல் டாக்டரிடம் கேட்கச் சொல்லணும். பெற்றவளைக் குற்றம் சொல்லும் வீட்டுக்கு நாலு பேர் சேர்ந்து போய் இந்தக் கணக்கைச் சொல்லணும். கடன் வசூலுக்குச் சேர்ந்து போகிறோம், இதற்கும் போகலாம்.