கவச உடைக்குள் ஒரு மனசு

சங்கரன்கோவிலில் சாயங்காலம் பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் சென்னை எழும்பூர். அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்குப் போகிறவர்களுக்கு வசதியான வண்டி. 2020 மார்ச்சில் கொரோனா பொதுமுடக்கம் வந்தது, ரயில்கள் நின்றன. மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஏற்ற வேண்டிய கீமோ மருந்து ரயிலுக்காகக் காத்திருக்குமா?

அந்த மார்ச் முதல் மே வரை, இந்தியாவின் 41 புற்றுநோய் மையங்களில் புதிதாகப் பதிந்தவர்கள் முந்தைய ஆண்டைவிட 54 சதவீதம் குறைவு. நோய் குறையவில்லை, வந்து சேரத்தான் முடியவில்லை.

வந்தவர்களுக்கும் சிக்கல். கீமோ கொடுத்தால் ரத்த வெள்ளணுக்கள் குறையும், தொற்று எளிதில் பிடிக்கும். தள்ளிப்போட்டால் கட்டி வளரும். யாருக்கு இன்றே, யாருக்கு அப்புறம் என்று தினம் தினம் முடிவெடுத்த மருத்துவர்களின் மனம் என்ன பாடுபட்டிருக்கும்!

செவிலியர் நிலை இன்னும் கடினம். கவச உடைக்குள் வியர்வை வழிய, ஆவி படிந்த கண்ணாடி வழியே நரம்பு தேடி ஊசி போட வேண்டியிருந்தது. பயந்து அழும் நோயாளியால் சிஸ்டரின் சிரிப்பைக்கூடப் பார்க்க முடியவில்லை. வீட்டுக்குப் போனால், பிள்ளைக்குத் தொற்றிவிடுமோ என்ற பயம்.

ஐரோப்பியப் புற்றுநோய் மருத்துவச் சங்கம் பல நாட்டுப் புற்றுநோய் மருத்துவப் பணியாளர்களிடம் அவர்கள் மனநிலை பற்றிக் கேட்டது. 2020 ஏப்ரல் வாக்கில் 38 சதவீதம் பேர் மனம் சோர்ந்துபோனதாகச் சொன்னார்கள்; ஜூலை, ஆகஸ்டில் அது 49 சதவீதம். மாறிப்போன வேலை நேரமும் அதற்கு ஒரு முக்கியக் காரணம். டியூட்டி அட்டவணை போடுகிறவர்கள் கவனிக்க வேண்டிய சேதி இது.

2022 அக்டோபரில் மத்திய அரசு 'டெலி மனஸ்' மனநல உதவி எண்ணைத் தொடங்கியது: 14416. கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம். மருத்துவமனை ஊழியர்களும் கூப்பிடலாம்.