சான்றிதழில் ‘அவன்’

(நெல்லிக்குப்பத்தில் கணினி ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரை)



கணினித் துறையில் நோபல் பரிசுக்கு நிகராகச் சொல்லப்படுவது டூரிங் விருது. 1966இல் தொடங்கிய அந்த விருது ஒரு பெண்ணின் கைக்கு வந்துசேர 40 ஆண்டுகள் ஆயின. 2006ஆம் ஆண்டுக்கு அதைப் பெற்றவர் பிரான்சிஸ் ஆலன். இன்று அவரைப் பற்றிப் பேச விருது மட்டும் காரணமல்ல. அவர் நம் இனம். டீச்சர்.

நியூயார்க் மாநிலத்தில் பெரு என்றொரு சிற்றூர். 1932இல் அங்கே ஓர் உழவர் வீட்டில், ஆறு பிள்ளைகளில் மூத்தவராகப் பிறந்தார். அம்மாவும் ஆசிரியை. ஆசிரியர் கல்லூரியில் கணிதம் படித்துவிட்டு, சொந்த ஊர்ப் பள்ளியிலேயே இரண்டு ஆண்டுகள் கணக்குப் பாடம் நடத்தினார். பிறகு மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முதுநிலை. பட்டத்தோடு கல்விக் கடனும் சேர்ந்தது. அது அடையும் வரைக்கும் என்று நினைத்து 1957இல் ஐபிஎம் நிறுவனத்தில் சேர்ந்தார். கடன் தீர்ந்ததும் பள்ளிக்குத் திரும்பிவிடுவதாக எண்ணம். ஓய்வு பெற்றதோ 2002இல், அதே நிறுவனத்திலிருந்து!

அங்கேயும் முதல் வேலை பாடம் நடத்துவதுதான். அப்போதுதான் வந்திருந்த ஃபோர்ட்ரான் மொழியை விஞ்ஞானிகளுக்குச் சொல்லித்தர வேண்டும். அவருக்கே அது புதிது. தாம் முதலில் படித்துக்கொண்டு, பிறகு வகுப்புக்குப் போவார். நமக்குப் பழகிய பிழைப்புதானே இது! கேட்க வந்தவர்களுக்கோ அவநம்பிக்கை. கையால் எழுதும் நிரலின் வேகம், மென்பொருள் பெயர்த்துத் தரும் நிரலுக்கு வருமா என்று கேட்டார்கள். ஆலன் கம்பைலருக்குள்ளேயே புகுந்து பார்த்தார். அதுவே அவருடைய வாழ்நாள் வேலையாயிற்று.

அவர் செய்ததை நம் ஊர்க் கணக்கில் சொல்கிறேன். ஆலைக்குப் பத்து வண்டி கரும்பு ஏற்ற வேண்டும். ஒவ்வொரு வண்டிக்கும் கடைத்தெருவுக்குப் போய்க் கயிறு வாங்கி வருவோமா? முதலிலேயே மொத்தமாக வாங்கி வைத்துக்கொள்வோம். சுழற்சிக்குள் ஆயிரம் முறை வந்தாலும் விடை மாறாத கணக்கைக் கண்டுபிடித்து, வெளியே எடுத்து, ஒரே முறை செய்ய வைப்பதும் அப்படித்தான். இத்தகைய சிக்கன வழிகளை முறைப்படுத்தியவர்களில் முதன்மையானவர் ஆலன். பதினொன்றாம் வகுப்பில் நம் பிள்ளைகள் எழுதும் சி பிளஸ் பிளஸ் நிரலைப் பெயர்க்கும் கம்பைலருக்குள் அந்த வழிகள் இருக்கின்றன.

1989இல் ஐபிஎம் ஃபெல்லோ ஆனார். அந்நிறுவனத்தின் மிக உயர்ந்த தொழில்நுட்பத் தகுதி அது. அதைப் பெற்ற முதல் பெண் அவர். சரி, சான்றிதழில் என்ன எழுதிக் கொடுத்தார்கள் தெரியுமா? ‘அவனுடைய சாதனைகளுக்காக’ என்று! பெறுபவர் பெண்ணாக இருக்கலாம் என்பது அச்சு வாசகத்துக்குத் தெரியவில்லை.

நம் கிண்டிப் பொறியியல் கல்லூரியில் 1940களிலேயே இது நடந்திருக்கிறது. 18 வயதில் கைக்குழந்தையோடு இருக்கையில் கணவரை இழந்து, பிறகு மின்பொறியியல் படிக்க வந்தவர் ஏ. லலிதா. அங்கே முதன்முதலாகச் சேர்ந்த பெண்களில் ஒருவர். அவருடைய சான்றிதழிலும் ‘அவன்’ என்றுதான் அச்சாகியிருந்தது. அதை அடித்துவிட்டு ‘அவள்’ என்று கையால் எழுதிக் கொடுத்தார்கள். திருத்தவாவது செய்தார்களே!

நம்முடைய படிவங்களில் ‘மாணவன்/மாணவி’ என்று இரண்டும் இருக்கின்றன. ஆய்வகத்துக்கு வந்து பாருங்கள். இரண்டு பேருக்கு ஒரு கணினி என்றால், பையன் கையில் மவுஸ் இருக்கும். பெண் குழந்தை பக்கத்தில் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருப்பாள். நான் பார்த்த பல பள்ளிகளில் இதுதான் காட்சி. செய்முறைத் தேர்வில் அவள் விரல் தடுமாறினால், பொம்பளைப் பிள்ளைக்கு இது சரிப்படாது என்று வீட்டில் முடிவாகிவிடும். கல்லூரியில் வேறு பாடம் எடுத்துவிடுவாள்.

ஒரு வேலை சொல்கிறேன். 20 நிமிடம் ஆனதும் மணி அடித்து நாற்காலி மாறச் சொல்லுங்கள். செலவில்லாத வேலை. இந்தப் பயிற்சியிலேயே செய்துபார்ப்போம், வாருங்கள். ஆசிரியைகள் முதலில் கீபோர்டு பக்கம் உட்காருங்கள். சார், நீங்கள் நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள்.